எந்த மணியை அடிப்பது? பாகுபாட்டுப் புகாரோடு அலையும் அரசு ஊழியருக்கு

திருவாரூரில் மனுநீதிச் சோழன் காலத்துப் பசுவுக்கு வேலை சுலபம். இருந்தது ஒரே மணி. போய் இழுத்தது, அரசன் வெளியே வந்துவிட்டான். இன்றைக்கு அதே டெல்டாவில் ஓர் இளநிலை உதவியாளருக்கோ கிராம சுகாதார செவிலியருக்கோ ஆபீசில் அநியாயம் நடந்தால், அடிப்பதற்கு ஒன்பது பத்து மணிகள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரில். சில மணிகளுக்கு நாக்கே கிடையாது.

நான் வக்கீல் இல்லை. அரசு அலுவலகத்தில் மஸ்தூராக நுழைந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கிறவன். சங்கத்தில் இருந்த பழக்கத்தால் இன்னமும் யாராவது மஞ்சப்பையில் காகிதத்தோடு வந்துவிடுகிறார்கள். சென்ற ஐப்பசி மழையில் அப்படி ஒரு பெண் வந்தார். திருவிடைமருதூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பட்டியல் சாதி. உதவியாளர் பதவி உயர்வுப் பேனலில் அவரை விட்டுவிட்டு அவருக்கு ஜூனியர் இருவரை ஏற்றியிருந்தார்கள். கேட்கப் போனபோது அதிகாரி சாதியைச் சொல்லிப் பேசியிருக்கிறார். அடுத்த வாரமே சீட் மாற்றம், அதற்கடுத்த மாதம் ஊர் மாற்றம்.

அவர் எழுதியிருந்த மனுவை வாங்கிப் பார்த்தேன். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் "பிரதி பணிந்து அனுப்பப்படுகிறது" என்று போட்டு, முதலமைச்சரில் தொடங்கி மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., மனித உரிமை ஆணையம், மகளிர் ஆணையம் என்று பதினோரு முகவரி.

இந்தப் பதினோரு பிரதியும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பக்கத்து மேஜையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ந.க. எண் (கோப்பு எண்) விழும். "தக்க நடவடிக்கைக்காக" என்று ஒரு வரி போட்டுக் கீழே அனுப்புவார்கள். பத்து நாள் கழித்து பதினொன்றும், யார்மேல் புகார் சொன்னாரோ அந்த அதிகாரியின் மேஜைக்கே வந்து சேரும். ஆற்றைப் பதினோரு வாய்க்காலாக வெட்டிவிட்டால் கடைமடைக்கு என்ன வரும்?

திங்கள்கிழமை குறைதீர் நாள் மனுவுக்கும் முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணில் சொல்கிற புகாருக்கும் பெரும்பாலும் இதே கதிதான். பட்டா, ரேஷன் கார்டுக்கு அவை நல்ல வழி. பணி விவகாரத்துக்கு இல்லை.

முதல் வேலை: என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

மனுவை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். நடந்தது வேண்டாம், வேண்டியது மட்டும். அந்தப் பெண் மூன்று வரி எழுதினார். பேனலில் என் பெயர் வர வேண்டும். சாதியைச் சொன்னவருக்குத் தண்டனை வேண்டும். மாறுதலை ரத்து செய்ய வேண்டும்.

மூன்று வரி, மூன்று வெவ்வேறு இடம். பதவி உயர்வைத் தரச்சொல்லி உத்தரவு போட போலீசால் முடியாது. சாதி வசவுக்குச் சிறைத்தண்டனை கொடுக்க, பணி வழக்கைக் கேட்கிற நீதிபதியால் முடியாது. மாறுதலைப் பொறுத்தவரை நீதிமன்றமே லேசில் கைவைக்காது. பழிவாங்கும் நோக்கம் என்று காட்ட வேண்டும், அல்லது விதிமீறல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மனுவில் குழைத்தால், கேட்கிற ஒவ்வொருவரும் "இது என் வரம்பில் இல்லை" என்று சொல்ல ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

அதோடு இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இது பாகுபாடுதானா? அதிகாரி எல்லோரையும் எரிந்து விழுகிறார் என்றால் அது அவருடைய குணம், அல்லது அவருடைய சர்க்கரை. பாகுபாடு என்றால் ஒப்பிட ஓர் ஆள் வேண்டும்: அதே பதவி, அதே தகுதி, அவருக்கு ஒரு விதம், எனக்கு ஒரு விதம். பேனலில் பெயர் விடுபட்டால் உடனே சாதி என்று முடிவு கட்டாமல் சில காகிதங்களைத் தேடுங்கள். தகுதிகாண் பருவம் முடிந்ததற்கு ஆணை இருக்கிறதா? பவானிசாகர் பயிற்சி முடித்தாயிற்றா? துறைத்தேர்வு தேறியது எஸ்.ஆரில் (பணிப் பதிவேட்டில்) பதிவாகியிருக்கிறதா? 17(பி), அதாவது பெருந்தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை, ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? இவையெல்லாம் சரியாக இருந்தும் விட்டிருந்தால் உங்கள் கேஸ் பலமானது. அந்தப் பெண்ணுக்கு எல்லாமே சரியாக இருந்தது. எஸ்.ஆர். நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கெட்டிக்காரி. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பேனலின் நகலையும் அதே வழியில் கேட்கலாம்.

நீங்கள் யாருடைய ஊழியர்?

இங்கேதான் டெல்டாக்காரர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அந்தப் பெண்ணிடம் திருவாரூர் உறவினர் ஒருவர், "சென்னை ஹைகோர்ட்டில்தான் போட வேண்டும், என் கேஸ் அங்கேதான் நடந்தது" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது சரி. இவருக்கு அது தப்பு.

மாநில அரசு ஊழியருக்கென்று ஒரு தனித் தீர்ப்பாயம் 1988 முதல் இருந்தது. 2006-இல் அதை மூடிவிட்டார்கள். பழைய ஆட்கள் இன்னும் "ட்ரிப்யூனல்ல போடு" என்பார்கள். அது இல்லை. இப்போது தமிழ்நாடு அரசு ஊழியர் பணி விவகாரத்துக்குப் போகும் இடம் உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு.

எந்த உயர் நீதிமன்றம்? மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்தபோது தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்கள் மதுரைக்குப் போயின. திருவாரூரும் நாகப்பட்டினமும் சென்னையோடு நின்றன. பிறகு 2020-இல் நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னைதான். ஆக ஒரே காவிரிப் பாசனத்தில் இரண்டு கோர்ட்டு. நாச்சியார்கோயில் ஊழியருக்கு மதுரை, கொஞ்ச தூரம் தள்ளிக் குடவாசலில் இருப்பவருக்குச் சென்னை. ஆடுதுறைக்கு மதுரை, ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டிக் குத்தாலத்துக்குச் சென்னை. வீடு எங்கே என்பது கணக்கில்லை. நீங்கள் பணியில் இருந்த இடம், பாதிக்கும் உத்தரவு வந்து சேர்ந்த இடம், அதுதான் கணக்கு. மாறுதலில் மாவட்டம் தாண்டிப் போயிருந்தால் வக்கீலிடம் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மத்திய அரசு ஊழியர் என்றால் முற்றிலும் வேறு பாதை. தபால் துறை, வருமான வரி, பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி கோட்ட ரயில்வே, பி.எஸ்.என்.எல். எல்லாருக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், சென்னை அமர்வு. பேச்சு வழக்கில் சொல்வது 'கேட்' (CAT). கிராமத்தில் மூன்று நான்கு மணி நேரம் வேலை பார்க்கும் கிராமிய தபால் ஊழியரும் இதில் அடக்கம். தனக்கு அந்த உரிமை இல்லை என்று அவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் வேலை செய்கிற சிவிலியன் ஊழியருக்கும் கேட்தான். சீருடைக்காரருக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம்.

காரைக்கால் ஒரு வேடிக்கை. நாகையில் மாநில அரசு மருத்துவமனைச் செவிலியர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பக்கத்திலேயே, காரைக்காலில் அதே வேலை பார்க்கிற புதுச்சேரி அரசு ஊழியர், யூனியன் பிரதேசம் என்பதால், கேட்டுக்குப் போக வேண்டும். அங்கே உத்தரவு பாதகமாக வந்தால்தான் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு. 1997-இல் உச்ச நீதிமன்றம் போட்ட வழி அது. கேட்டைத் தாண்டி நேரே ஹைகோர்ட்டுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பெல் (பாரத மிகுமின் நிறுவனம்), தேசியமய வங்கி மாதிரி இடங்களில் இருப்பவர்கள் மத்திய அரசு என்று சொல்லிக்கொண்டாலும் அவர்களுக்குப் பொதுவாக கேட் இல்லை, உயர் நீதிமன்றம். அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் நடத்துநர்களுக்குத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர், பிறகு தொழிலாளர் நீதிமன்றம் அல்லது தொழில் தீர்ப்பாயம் என்று தனி வாசல் உண்டு. பெரும்பாலும் அது மலிவு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்து ஊழியர் அரசு ஊழியர் ஆகமாட்டார். சங்கத்தின்மேல் நேராக ரிட் போட்டால் நிற்பது கடினம், கூட்டுறவுச் சட்டம் தெரிந்த வக்கீலைத்தான் பார்க்க வேண்டும். அவுட்சோர்சிங் ஆட்களுக்குப் பணி வழக்கு கைகொடுக்காது. ஆனால் கீழே வரும் வன்கொடுமைச் சட்டமும் பாலியல் துன்புறுத்தல் சட்டமும் அவர்களுக்கும் முழுசாகப் பொருந்தும். "நீ கான்ட்ராக்ட் ஆள், உனக்குக் கமிட்டி கிடையாது" என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய்.

எந்த வகைப் பாகுபாடு?

சாதிதான் நம் பக்கத்தில் அதிகம். அதிலேயே மூன்று வாசல் உண்டு, மூன்றுக்கும் வேலை வேறு.

ஒன்று போலீஸ். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்). விசாரிப்பது டி.எஸ்.பி. அந்தஸ்தில் உள்ளவர். எஃப்.ஐ.ஆர். போடுமுன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பொதுவாக முன்ஜாமீன் இல்லை. மாவட்டத்தில் சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்று போலீசிலேயே தனிப் பிரிவு உண்டு. வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566.

ஆனால் ஆபீஸ் ஊழியர் இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். சட்டத்தில் "பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்" என்று இருக்கிறது. லால்குடியில் வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றில், அறைக்குள் வைத்து ஊழியர் ஒருவரைச் சாதி சொல்லித் திட்டியதாக வந்த வழக்கை 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சம்பவம் நான்கு சுவருக்குள் நடந்தது, அந்த நேரத்தில் வெளியாள் யாரும் அங்கே இல்லை என்பது காரணம். ஆகவே எங்கே நடந்தது என்பது உயிர்நாடி. அதிகாரியின் அறைக்குள் கதவு சாத்தியிருந்ததா? ஹாலில், மனு கொடுக்க வந்தவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதா? அந்தப் பெண்ணைக் கேட்டேன். முதல் முறை அறைக்குள். இரண்டாம் முறை தபால் பிரிவு கவுன்டர் முன்னால், வாரிசுச் சான்று கேட்டு வந்த இருவர் நின்றிருக்கும்போது. மனுவில் அவர் முதல் சம்பவத்தை ஒன்றரைப் பக்கம் எழுதி, இரண்டாவதை ஒரு வரியில் முடித்திருந்தார். திருப்பி எழுதச் சொன்னேன்.

இன்னொன்று, சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "சாதிப் பெயரைச் சொல்லி ஆபாசமாகத் திட்டினார்" என்று மொட்டையாக எழுதினால் வழக்கு அங்கேயே நொண்டும். கை கூசும்தான். எழுத வேண்டும்.

இரண்டாவது வாசல் ஆணையம். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் அரசியலமைப்பின் 338-ஆவது பிரிவில் வந்தது. பழங்குடியினருக்கு 338-ஏ. மாநில அளவில் 2021-இல் சட்டம் போட்டு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் வந்தது. ஆணையம் கோப்பை வரவழைக்கலாம், அதிகாரியைச் சம்மன் அனுப்பிக் கூப்பிடலாம். அதில் ஒரு தனி பலம் இருக்கிறது. "கோப்பு கிடைக்கவில்லை" என்று உங்களிடம் சொல்கிற அதே ஆபீஸ், ஆணையத்திலிருந்து கடிதம் வந்தால் இரண்டு நாளில் கோப்பைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது செய்வது பரிந்துரை. தடையாணை கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரோஸ்டர் (இடஒதுக்கீட்டுச் சுழற்சி வரிசை), இடஒதுக்கீடு, பதவி உயர்வில் புறக்கணிப்பு, இவற்றுக்கு ஆணையம் நல்ல இடம். நாளைக்கே நிறுத்த வேண்டிய விஷயத்துக்கு இல்லை. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் விஷயத்தை ஆணையம் எடுக்காது என்பதையும் மனதில் வையுங்கள், வரிசை போடும்போது தேவைப்படும்.

மூன்றாவது, பணி உத்தரவை மாற்றக்கூடிய உயர் நீதிமன்றம் அல்லது கேட். சமத்துவத்தையும் அரசு வேலையில் சமவாய்ப்பையும் சொல்கிற அரசியலமைப்பின் 14, 16 பிரிவுகள் அங்கேதான் பேசும்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த அலுவலகத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் அலுவலர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார், ஆவணங்களோடு ஆறு பிரதி. காரணம் காட்டினால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது உங்களையோ அவரையோ இடம் மாற்றும்படியும், 3 மாதம் வரை விடுப்பு தரும்படியும் கேட்கலாம். இந்த விடுப்பு உங்கள் கணக்கில் இருக்கும் விடுப்போடு சேராது. புகார் அலுவலகத் தலைவர் மேலேயே என்றாலோ, பத்துப் பேர் இல்லாத சின்ன ஆபீஸ் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். குழுவின் முடிவு ஒழுங்கு நடவடிக்கைக்கான விசாரணை அறிக்கைக்குச் சமம் என்பதால், இதில் நேராகக் கோர்ட்டுக்கு ஓடுவதைவிடக் குழுவில் தொடங்குவதே என் அபிப்பிராயம். குழுவே அமைக்காத ஆபீசா? அதை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது, அமைக்காததற்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம். அலுவலகத்திலேயே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரைப் பதிவு செய்து இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் மாநில ஆணையர். அவர் பரிந்துரை செய்தால் துறை 3 மாதத்துக்குள் என்ன செய்தது என்று பதில் சொல்ல வேண்டும். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. என் அனுபவத்தில் ஆணையர் கடிதத்துக்குத் துறைகள் ஓரளவு அசைகின்றன.

பேறுகால விடுப்பு மறுப்பு போன்றவை பாலியல் துன்புறுத்தல் குழுவுக்குப் போகாது. அது பணி விவகாரம், உயர் நீதிமன்றம்தான். மூன்றாவது குழந்தை என்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுத்த விடுப்பை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. அப்படி மறுப்பு வந்தால் அந்தத் தீர்ப்பைச் சுட்டி எழுதுங்கள்.

மனித உரிமை ஆணையம் பணி விவகாரத்தைப் பொதுவாக எடுப்பதில்லை. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் எதையுமே எடுக்காது.

முறையீடும் அதன் கெடுவும்

ரிட்டோ கேட்டோ, அதற்கு முன்னால் துறைக்குள் ஒரு முறையீடு கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு மேலே இருக்கும், தீர்க்கக்கூடிய அதிகாரிக்கு, உரிய வழியாக. ஒரு விஷயம், ஒரு கோரிக்கை, ஒன்றரைப் பக்கம். தேதி வாரியாக நடந்தது, எந்த விதி அல்லது அரசாணை, என்ன வேண்டும். "தெய்வமாக நினைத்துக் காலில் விழுந்து" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். புகார் சொல்லப்பட்டவர் வழியாகத்தான் மனு போக வேண்டும் என்றால் அவரிடம் ஒன்று கொடுத்து, முன்பிரதி ஒன்றை மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்புங்கள்.

கையில் கொடுத்தால் நகலில் தபால் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். நான் இளநிலையில் இருந்தபோது ஊதிய நிர்ணயத்துக்கு ஒரு மனு கொடுத்தேன். தபால் குமாஸ்தா என் நண்பர், காலையில் ஒன்றாக டீ குடித்தவர். அவரிடம் போய் சீல் கேட்கக் கூச்சம். எட்டு மாதம் கழித்து "அப்படி ஒரு மனு இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை" என்று பதில் வந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்ட அந்தப் பதிலுக்கு ட்ராஃப்ட் எழுதிக் கொடுத்ததே அந்த நண்பர்தான். அதற்குப் பிறகு நான் யாரிடமும் கூச்சப்படுவதில்லை. தபாலில் என்றால் ஒப்புகையோடு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, கவுன்டரில் ஒப்புகை வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். ரசீதை அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், அந்த மை மூன்று மாதத்தில் மறைந்துவிடும்.

இப்போது கெடு. கேட்டுக்கு: முறையீடு கொடுத்து 6 மாதம் பதில் வராவிட்டால் அந்த ஆறு மாதம் முடிந்த நாளிலிருந்து 1 ஆண்டு. பதில் வந்திருந்தால் வந்த நாளிலிருந்து 1 ஆண்டு. தாண்டினால் தாமதத்துக்கு மன்னிப்பு மனு போட வேண்டும், கிடைப்பது நிச்சயமில்லை. ரிட்டுக்குச் சட்டத்தில் நாள் கணக்கு இல்லை. இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடியாகும் மனுக்கள் ஏராளம்.

மறுபடி மறுபடி நினைவூட்டு அனுப்பினால் கெடு நீளும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நீளாது. தமிழ்நாட்டு சுரங்கத் துறை ஊழியர் ஒருவர் வேலை போய் 18 ஆண்டு கழித்து முறையீடு கொடுத்து, அதை நிராகரித்த உத்தரவைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார். செத்துப்போன விஷயத்துக்கு மனு கொடுத்து உயிர் கொடுக்க முடியாது என்ற கருத்தில் 2008-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. ஒரு முறையீடு, ஒரு நினைவூட்டு, பிறகு வழக்கு. அவ்வளவுதான். மாதாமாதம் குறைகிற சம்பளம் போன்ற தொடர் பாதிப்புக்கு மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு, அதிலும் பழைய பாக்கி முழுசாகக் கிடைக்காது.

வரிசை

போலீஸ் புகாரும் பணி வழக்கும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஒன்று மற்றதைத் தடுக்காது. உள்ளகக் குழுவும் போலீசும் அப்படியே. ஆணையமும் நீதிமன்றமும்தான் ஒரே விஷயத்தில் சேர்ந்து ஓடாது. ஆணையம் வேண்டுமென்றால் அதுதான் முதலில். ஆனால் அதற்காகக் காத்திருந்து கேட்டின் ஓராண்டைத் தொலைக்காதீர்கள். ஆணையத்தில் மனு இருந்ததால் தாமதம் என்பது எல்லா நேரமும் எடுபடாது.

மாறுதல் உத்தரவு வந்தால் என் யோசனை: முதலில் போய்ச் சேருங்கள், பிறகு வழக்குப் போடுங்கள். சேராமல் மெடிக்கல் லீவில் உட்கார்ந்தால் உங்கள் மேல் 17(பி) வரும், கதை உங்களைக் குற்றவாளி ஆக்கித் திரும்பும். பழிவாங்கல் என்று சொல்வதாக இருந்தால் அந்த அதிகாரியைப் பெயர் சொல்லித் தனி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பதவியை மட்டும் சேர்த்துவிட்டு உள்ளே அவரைத் திட்டினால் கோர்ட் அந்தப் பகுதியைப் படிக்கவே படிக்காது. எம்.எல்.ஏ. கடிதம் வாங்கிக் கோப்பில் சேர்க்கிற பழக்கத்தையும் விடுங்கள். பணி விஷயத்தில் வெளியார் செல்வாக்கைக் கொண்டுவருவதே நடத்தை விதி மீறல், உங்களுக்கு எதிராக ஒரு மெமோவுக்கு நீங்களே காகிதம் கொடுக்கிறீர்கள்.

ரிட்டில் முதல் நாளிலேயே "மனுதாரரின் முறையீட்டை 12 வாரத்தில் பரிசீலித்து உத்தரவிடுக" என்று ஓர் ஆணை வருவது வழக்கம். ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருவார்கள். அது ஜெயித்தது இல்லை. பரிசீலித்து, காரணம் எழுதி, நிராகரித்துவிடுவார்கள். அந்த நிராகரிப்பை எதிர்த்து இரண்டாவது வழக்கு, இரண்டாவது ஃபீஸ். ஆகவே வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள்: "பேனல் உத்தரவையே எதிர்த்துப் போட முடியுமா?" உத்தரவு கையில் இருக்கும்போது வெறும் பரிசீலனை கேட்டுப் போவது வீண் வேலை.

பணம்

கேட்டில் மனுக் கட்டணம் 50 ரூபாய். செலவு எல்லாம் வக்கீல் ஃபீஸ்தான். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. அரசு சம்பளம் வாங்குகிறவருக்கு அதெல்லாம் கிடையாது என்று கோர்ட் வளாகத்திலேயே சிலர் சொல்வார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்கும் கூப்பிடலாம். உயர் நீதிமன்றத்துக்கும் தனிக் குழு இருக்கிறது. தனியாக வக்கீல் வைப்பதாக இருந்தால் பணி வழக்கு மட்டும் பார்ப்பவரைத் தேடுங்கள். உள்ளூரில் நிலத் தகராறில் பெரிய ஆளாக இருப்பவருக்கு சிறுதண்டனைக்கான 17(ஏ)-வுக்கும் 17(பி)-க்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

அந்தப் பெண் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பதினோரு பிரதியையும் கிழித்துப் போட்டோம். இரண்டு காகிதம் தயாரானது. கவுன்டர் முன்னால் நடந்ததற்கு, அங்கே நின்றிருந்த இருவர் பெயரோடு டி.எஸ்.பி.க்கு ஒரு புகார். பேனலுக்குத் துறைத் தலைவருக்கு ஒரு முறையீடு. மாறுதலை அவர் விட்டுவிட்டார். புது ஊர் வீட்டுக்கு இன்னும் பக்கம், அங்கே இருக்கிற அதிகாரி நல்லவர், அதை ரத்து செய்து அதே ஆளிடம் திரும்பிப் போவானேன் என்று அவரே சொன்னார். எனக்கு அது தோன்றவில்லை. முறையீட்டுக்குப் பதில் வராததால் தை கடைசியில் மதுரைக்குக் கிளம்பினார்.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். மாட்டுத்தாவணி வரை போக வேண்டாம், மேலூர் தாண்டி ஒத்தக்கடையிலேயே இறங்கிவிட்டால் ஹைகோர்ட் பக்கம். அடுத்தது, போகிற நாளுக்குத் தற்செயல் விடுப்பு எழுதி, அதற்கும் நகலில் சீல் வாங்கிக்கொண்டு போ.